ஜெபக்குறிப்பில் ஒரு டயர்

மிஷனரி ஊழியத்துக்குப் பணம் திரட்டும் அண்ணன் வாயிலிருந்து 'பணம்' என்ற சொல் மட்டும் வராது. திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் ஆராதனை முடிந்து அவருக்குப் பத்து நிமிஷம் கொடுப்பார்கள், நாற்பது எடுத்துக்கொள்வார். 'பாரம்' வரும், 'தேவை' வரும், 'தாங்குங்கள்' வரும், 'கர்த்தர் ஏவினால்' நாலைந்து தடவை வரும். கையில் தருகிற ஜெபக்குறிப்பில் முதலில் ஆத்துமாக்கள், அடுத்து மழை, மூன்றாவதாக, 'மலைக்கிராமத்துக்குப் போகும் ஜீப்பின் பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, ஜெபித்துக்கொள்ளுங்கள்.' ஜெபித்தால் டயரில் ரப்பர் வளராது என்பது அண்ணனுக்கும் தெரியும், சபைக்கும் தெரியும். அதற்காகத்தான் அதே தாளின் பின்பக்கம் க்யூஆர் கோடு. கண்ணை மூடி ஆமென் சொல்லித் திறப்பதற்குள் காணிக்கைக் கவர் மடியில் வந்து விழுந்திருக்கும்.

இந்தச் சுற்றிவளைப்பெல்லாம் எதற்கு? மிஷன் வேலை இத்தனை காலமும் வாய்விட்டுக் கேட்டுத்தானே நடந்திருக்கிறது. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அங்கிருந்து போன கடிதங்களை 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சடித்து, கொடுக்க மனமுள்ளவர்களிடம் சேர்த்தார்கள். இன்றைய அண்ணனின் மாத இதழுக்கு அதுதான் கொள்ளுப்பாட்டி. 1792-இல் இங்கிலாந்தின் கெட்டரிங்கில் மிஷனரி வில்லியம் கேரியின் நண்பர்கள் கூடி, அவரவர் தரப்போகும் தொகையைச் சீட்டில் எழுதி ஒரு மூக்குப்பொடி டப்பாவில் போட்டார்கள். 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ் தேறியது. தும்மலைத் தவிர அதில் மறைக்க ஒன்றும் இல்லை. மிசோரம் பெண்கள் 1910 முதல் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுத்து வருகிறார்கள். எதற்கு எடுக்கிறோம் என்பது பானைக்குக்கூடத் தெரியும். 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கமும், நம் பணத்தில் நம் ஆட்களை அனுப்புவோம் என்று பணத்தின் பெயரைச் சொல்லித்தான் தொடங்கியது.

'பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லர் யாரிடமும் கேட்காமலே ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை வளர்த்தாரே' என்பார்கள். வளர்த்தார், மறுக்கவில்லை. ஆனால் என்ன வந்தது, எப்படிச் செலவானது என்று வருஷா வருஷம் அறிக்கை அச்சிட்டும் வந்தார். அண்ணன் முல்லரின் மௌனத்தை எடுத்துக்கொண்டார். அறிக்கையைத்தான் எங்கோ வைத்துவிட்டார். 'பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தாரே' என்பது அடுத்த கேள்வி. தைத்தவர்தான், ஆனால் அவரே எருசலேமின் ஏழைகளுக்காக இரண்டாம் கொரிந்தியரில் முழுசாக இரண்டு அதிகாரம் காணிக்கை கேட்டு எழுதியிருக்கிறார். தொகை பெரிசு, நாளைக்கு எவனும் குறை சொல்லக்கூடாது என்று உடன் ஊழியர் தீத்துவோடு ஆள் சேர்த்து அனுப்பவும் ஏற்பாடு செய்தார். வாய்விட்டுக் கேட்டால் ஏமாற்றுக்காரர்கள் பெருகிவிடுவார்கள் என்ற பயத்துக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. 'இரண்டு டயர், இன்ன விலை' என்று கேட்டவரிடம் அடுத்த மாதம் பில் கேட்கலாம். 'பாரத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்' என்றவரிடம் எந்த பில்லைக் கேட்பது?

வெளிப்படையாகக் கேட்டால் சபை முகம் சுளிக்கும் என்று அண்ணன் நினைக்கிறார். காணிக்கையாக வந்த பொருள்களைச் சபையில் கூவி விற்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்தை அவர் சரியாகப் பார்க்கவில்லை. சந்தையில் முருங்கைக்காய்க்கு ரெண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்கும் அதே கைகள், அங்கே ஒரு கட்டு முருங்கைக்காயை ஐந்நூறுக்கு எடுத்து, 'திரும்ப ஏலம் விடுங்க' என்று மேஜைக்கே அனுப்பும். ஒரே சேவல் மூன்று பேருக்கு விலைபோய், கடைசிவரை குழம்பாகாமல் கொக்கரித்துக்கொண்டிருக்கும். ஏலக்காரர் பாரம், ஏவுதல் என்று எதையும் பேசுவதில்லை, தொகையைத்தான் கூவுகிறார். பேசாமல் அந்தத் தேய்ந்த டயரில் ஒன்றைக் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிடலாம். ஜீப் டயர், ஒரு தரம்!