காய்ச்சலுக்கு ஒரு பெயர்

கேள்வி: வெயில் 40 டிகிரி, குழந்தைக்குக் காய்ச்சல் 102 டிகிரி. ஏன் இந்த இரட்டை வேடம்? (வேலூர் வாசகர்)

பதில்: வெயில் செல்சியஸ் கட்சி, காய்ச்சல் ஃபாரன்ஹீட் கட்சி. "காய்ச்சல் 39" என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள், யாரும் கஞ்சிகூட வைத்துத் தரமாட்டார்கள்.

கேள்வி: ஃபாரன்ஹீட் பெரிய டாக்டரா?

பதில்: டாக்டருமில்லை, பேராசிரியருமில்லை. பிழைக்கப் போன ஊரில் கருவி செய்து விற்றவர். 1686-ல் டான்சிக் நகரில் (இன்று போலந்தில் இருக்கிறது) வியாபாரி வீட்டில் பிறந்தார். 1701-ல் விஷக் காளான் சாப்பிட்டு அப்பா, அம்மா இருவரும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார்கள். பையனை வியாபாரம் பழக ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினார்கள் காப்பாளர்கள். அவனோ பேரேட்டை மூடிவிட்டுக் கண்ணாடிக் குழாயைக் கையில் எடுத்தான். பிடித்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலில் ஏற்றிவிட உத்தரவே வாங்கிவிட்டார்கள். அப்போது நாகப்பட்டினமும் அந்தக் கம்பெனி கையில்தான். சிக்கியிருந்தால் நம் கடற்கரையில் குமாஸ்தாவாக உட்கார்ந்து, எத்தனை டிகிரி என்று தெரியாமலே வியர்த்திருப்பார்.

கேள்வி: தெர்மாமீட்டர் அவருக்கு முன்பே இருந்ததாமே?

பதில்: இருந்தது. ஒரே அறையில் இரண்டு வைத்தால் இரண்டும் வெவ்வேறு சாட்சி சொல்லும். 1714-ல் கிறிஸ்டியன் வோல்ஃப் என்ற பேராசிரியருக்கு ஃபாரன்ஹீட் கொடுத்த இரண்டும் ஒத்துப்போயின. அந்த அதிசயத்துக்கு ஒரு கட்டுரையே எழுதினார் வோல்ஃப். அவை சாராயம் ஊற்றியவை, பிறகுதான் பாதரசம். பாதரசத்தில் அழுக்கிருந்தால் மெல்லிய குழாயில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்தார். உருண்டைக் குமிழை நீள்குமிழாக்கி, சூடு சீக்கிரம் ஏறவைத்தார்.

கேள்வி: காசு பார்த்தாரா?

பதில்: லண்டன் ராயல் சொசைட்டி 1724-ல் உறுப்பினராக்கியது. அதில் அடுப்பு எரியாது. தண்ணீர் இறைக்கும் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு ஹேக் நகரம் போனவர், அங்கேயே நோயில் படுத்து 1736-ல் இறந்தார். வயது 50. அடக்கம், ஏழைகளுக்கான வகுப்பில்.

கேள்வி: உறைநிலைக்கு 32, உடம்புக்கு 98.6. ரவுண்டாக ஒரு எண் கிடைக்கவில்லையா?

பதில்: உடம்புக்கு அவர் வைத்தது 96. 32-லிருந்து அதுவரை 64 பங்கு; பாதி, பாதியில் பாதி என்று ஆறு தரம் பிரித்தால் கோடு போட்டு முடிந்தது. கருவி செய்கிறவன் கணக்கு அப்படித்தான் இருக்கும். பின்னால் வந்தவர்கள் கொதிநிலையை 212-ல் ஆணியடித்து அளவைத் திருத்தினார்கள். 37 செல்சியஸை அதில் போட்டால் 98.6 வரும். அந்தப் புள்ளி ஆறுக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள்.