கார்ட்டூன் பார்த்துக் கெட்டுப்போன பெரியவர்கள்

கார்ட்டூன் பார்க்கிற பிள்ளை உருப்படாது என்று எங்கள் வீட்டில் முதன்முதலில் தீர்ப்புச் சொன்னவர் பெரியப்பா. லேசுப்பட்ட ஆள் இல்லை. 1965இல் மதுரையில் கல்லூரி மாணவராக இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போய்த் தடியடி வாங்கியவர். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு அந்தக் கதையைச் சொல்லி முடிக்காமல் பாயசத்தைத் தொட மாட்டார். தூர்தர்ஷனில் இந்திச் செய்தி வந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு, வாசிப்பவரின் வாயசைவை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலை 'ஜங்கிள் புக்' வந்தது. குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த அதன் தொடக்கப் பாட்டை, இந்தியில் ஒரு எழுத்துகூடத் தெரியாத எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் மனப்பாடமாக ஒப்பித்தார்கள். பெரியப்பா முதலில் எல்லோரையும் திட்டினார். அடுத்த வாரம் தினத்தந்தியை விரித்துப் பிடித்துக்கொண்டு அதன் மேல்விளிம்பு வழியாகப் பார்த்தார். அப்புறம் ஒரு ஞாயிறு, பாட்டு ஆரம்பித்ததும் அவருடைய கால் கட்டைவிரல் தாளம் போடுவதை நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"இது ஜப்பான்காரன் எடுத்த படம்டா" என்றார். "கதை எழுதுனவன் வெள்ளைக்காரன். இதுல இந்தி எங்கேருந்து வந்துச்சு?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கிப்ளிங்கின் கதையை வைத்து 1989இல் ஜப்பானில் எடுத்த தொடர்தான் அது. அதன் நாயகன் மௌக்லி பேசும் இந்தியை மட்டும் அவர் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. பிள்ளைகள் பாட்டு முடிந்ததும் பாதிப் படத்தில் பம்பரம் விட ஓடிவிடுவார்கள். ஷேர்கான் புலி வந்தால் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கடைசிவரை இருந்தவர் அந்தத் தடியடி வீரர்தான்.

அன்றிலிருந்து நான் கவனித்து வருகிறேன். கார்ட்டூனால் பிள்ளைகள் கெடுவது குறைவு. அவர்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது விடாமல் பிடித்துக்கொள்வது பெரியவர்களைத்தான்.

பெரியப்பாவின் சங்கடம் உலகத்தில் அவருக்கு மட்டும் வந்ததில்லை. 1952இல் தாய்மொழிக்காக மாணவர்கள் உயிரைக் கொடுத்த ஊர் டாக்கா. அங்கே 2013இல் அரசாங்கம் ஒரு நீலப் பூனைக்குத் தடை போட்டது. 'டோரேமான்' இந்தியில் ஒளிபரப்பாகி, வங்காளப் பிள்ளைகள் வீட்டில் இந்தி பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்பது காரணம். அந்தச் செய்தியைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்ல காரியம்" என்றவர், சற்று யோசித்துவிட்டு, "மௌக்லியையும் நிறுத்திட்டானா?" என்று கேட்டார். குரலில் கவலை இருந்தது.

அதே டோரேமானை 2008இல் ஜப்பான் வெளியுறவு அமைச்சர் தங்கள் நாட்டு அனிமே தூதராக நியமித்திருந்தார். விழா எடுத்து, டோரேமான் வேஷத்தில் வந்தவரின் கையில் நியமனப் பத்திரத்தைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு பெரிய தட்டு நிறைய அதற்குப் பிடித்த டோராயாக்கியும் கொடுத்தார்கள். கோட்டு சூட்டு போட்ட அமைச்சர் ஒருவர் பஞ்சுப் பூனைக்குப் பலகாரம் நீட்டுகிறார். இதை ஏதாவது பிள்ளை செய்திருந்தால் "விளையாட்டுப் புத்தி" என்று சொல்லியிருப்போம்.

ஜப்பான்காரர்கள் இதற்கு முன்பே வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். நம் மௌக்லியைத் தயாரித்த நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1977இல் 'ராஸ்கல்' என்றொரு தொடர் எடுத்தது. அமெரிக்கச் சிறுவன் ஒருவன் ரக்கூன் குட்டியை எடுத்து வளர்க்கிறான். அது வளர்ந்து சேட்டை தாங்கவில்லை. கடைசியில் கண்ணீரோடு காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறான். காட்டுப் பிராணியை வீட்டில் வளர்க்காதே என்பது கதையின் நீதி. ஜப்பானியப் பிள்ளைகள் நீதியை விட்டுவிட்டு ரக்கூனை மட்டும் கேட்டார்கள்.

பிள்ளைகள் என்றால் கேட்கத்தான் செய்வார்கள். நான்கூட 'டாம் அண்ட் ஜெர்ரி'யில் வரும் முரட்டு நாயைக் கேட்டேன். ஒரு கொட்டுதான் கிடைத்தது. ஜப்பானியப் பெற்றோர் கொட்டவில்லை, வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். வட அமெரிக்காவிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 1,500 ரக்கூன்கள் இறக்குமதி ஆயின என்கிறார்கள். குட்டிகள் வளர்ந்தன, கடித்தன, அலமாரியைத் திறந்தன. பெற்றோர் என்ன செய்வது என்று கையைப் பிசைந்தார்கள். தொடரின் கடைசிப் பகுதியில்தான் வழி சொல்லியிருக்கிறதே! கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள். இன்று ரக்கூன்கள் ஜப்பானின் சோளக்கொல்லைகளையும் தர்ப்பூசணித் தோட்டங்களையும் சூறையாடுகின்றன. பழங்காலத்து மரக் கோயில்களின் தூண்களில் ஏறி நகத்தால் கீறி வைக்கின்றன. கடைசியில் இறக்குமதிக்கே சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள். ஒரு கார்ட்டூனின் நீதியைக் கடைசி வரி பிசகாமல் கடைப்பிடித்த பெற்றோர் உலகத்தில் இவர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

எங்கள் வீட்டுக்கு வருவோம். என் மகன் சோறு உண்ணுகிற வயதுக்கு வந்தபோது சுட்டி டிவி கைகொடுத்தது. 2007இல் அந்தச் சேனல் வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் நிலாச்சோறு என்ற ஏற்பாட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 'டோரா' தொடர் வரும் நேரத்துக்கு அம்மா பருப்புசாதத்தைக் குழையப் பிசைந்து, நெய் விட்டு, கிண்ணமும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். பிள்ளையின் கண் திரையில். வாய் தானாகத் திறக்கும். அம்மா உருட்டி உருட்டி உள்ளே தள்ளுவார். நாலு கவளத்துக்கு இது ஒழுங்காக நடக்கும்.

அதற்கு மேல் அம்மாவின் கண்ணும் திரைக்குப் போய்விடும். டோரா தனக்குப் பின்னால் இருக்கிற பாலம் எங்கே என்று நம்மிடம் கேட்டுவிட்டு, கண்ணைக் கொட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கும். என் மகன் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. "பின்னாடிதான்டி இருக்கு, திரும்பிப் பாரு!" என்று கத்துவது அம்மா. டோரா "சரியாச் சொன்னீங்க" என்று பாராட்டியதும் அம்மாவின் முகத்தில் ஒரு பெருமை தெரியும். அந்தப் பாராட்டை என் அப்பா ஒருநாளும் கொடுத்ததில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒருநாள் அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தேன். பிள்ளை எப்போதோ இறங்கி மொட்டைமாடிக்கு ஓடியிருந்தான். அம்மா மட்டும் திரைக்கு முன்னால் இருந்தார். விரலிடுக்கில் பருக்கை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. கை மட்டும் பழக்கதோஷத்தில், இல்லாத ஒரு வாயை நோக்கி நீண்டிருந்தது.

"குள்ளநரி வந்துச்சுடா" என்றார். "மூணு தடவை திருடாதேன்னு சொன்னா, பேசாமத் திரும்பிப் போயிடுது. நரிக்கு இருக்கிற மரியாதை பாரு! இந்த வீட்டுல முப்பது வருஷமாச் சொல்றேன், ஒரு ஆள் கேக்கல."

'டாம் அண்ட் ஜெர்ரி' என்றால் அம்மாவின் கட்சி வேறு. உலகமே எலியின் பக்கம். அம்மா பூனையின் பக்கம். 1940இல் ஹன்னாவும் பார்பராவும் உருவாக்கி, ஏழு ஆஸ்கர் வாங்கி, பெரும்பாலும் வசனமே இல்லாமல் ஊரெல்லாம் சிரிக்க வைத்த அந்தப் படங்களை அம்மா ஒரு குடும்பத் தகராறாகத்தான் பார்த்தார். "அதுக்கு வேலையே எலி பிடிக்கிறதுதான். வேலையைச் செய்யுறவனுக்குத்தான் இந்த வீட்டுல அடி" என்பார். சொல்லும்போது பார்வை அப்பாவின் சாய்வு நாற்காலிப் பக்கம் ஒருமுறை போய்வரும்.

அறிவாளிகளும் தப்பவில்லை. என் சித்தப்பா ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார். இலையில் கீரை விழுந்தால் போதும், கார்ட்டூன் மாலுமி பாப்பாயின் கதை ஆரம்பித்துவிடும். "கீரையில இரும்புச்சத்து அவ்வளவெல்லாம் இல்லடா. அந்தக் காலத்துல எவனோ தசமப் புள்ளியை மாத்திப் போட்டுட்டான், பத்து மடங்கு ஆயிருச்சு. அதை நம்பித்தான் பாப்பாய் கீரை தின்னான்" என்பார். கல்யாணத்தில், காதுகுத்தில், பதினாறாம் நாள் காரியத்தில்கூடச் சொல்லியிருக்கிறார். இது அவர் சரக்கு இல்லை. 1981இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் டெரன்ஸ் ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் எழுதியது. படித்தவர்கள் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். பிறகு 2010இல் மைக் சட்டன் என்ற குற்றவியல் ஆய்வாளர் மூலத்தைத் தேடிக் கிளம்பினார். அந்தத் தசமப் புள்ளிக் கதைக்கே ஆதாரம் இல்லை என்று தெரிந்தது. பாப்பாய் தன் சித்திரக்கதையில் கீரைக்குச் சொன்ன காரணம் வைட்டமின் ஏ! மூடநம்பிக்கையைத் திருத்தக் கிளம்பியவர்கள் இன்னொரு மூடநம்பிக்கையைப் பரப்பிவிட்டார்கள்.

இதைச் சித்தப்பாவிடம் ஒரு மத்தியானம் எடுத்துச் சொன்னேன். அரைக்கீரை மசியலில் கையை வைத்தபடி வெகுநேரம் யோசித்தார். "அப்போ இரும்பு இருக்கா, இல்லையா?" என்றார். "இருக்கோ இல்லையோ, ஆறுது. சாப்பிடுங்க மாமா" என்றாள் என் மனைவி. அடுத்த கல்யாணத்தில் சித்தப்பா பழைய கதையையே சொன்னார். புதுக் கதையில் பாப்பாய் ஜெயிக்கிறான், அதனால் அவருக்குப் பிடிக்கவில்லை.

இத்தனைக்கும் அமெரிக்காவில் கீரை விளையும் கிரிஸ்டல் சிட்டி என்ற ஊரில் 1937இலேயே பாப்பாய்க்குச் சிலை வைத்துவிட்டார்கள். நாம் தலைவர்களுக்கு வைக்கிறோம், அவர்கள் கற்பனை மாலுமிக்கு வைத்தார்கள். பாப்பாய் சிலையால் இதுவரை சாலை மறியல் நடந்ததாகத் தகவல் இல்லை.

ஷின்சான் விவகாரத்தில்தான் பெரியவர்களின் சாயம் முழுதாக வெளுத்தது. ஐந்து வயதுப் பையன், பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறான், காற்சட்டையைக் கழற்றிவிட்டு ஆடுகிறான். நம் பெற்றோர் கொதித்தார்கள். 2008இல் இந்தியாவில் தடையே வந்தது. கொஞ்ச காலம் கழித்துக் கத்தரி போட்டுத் திரும்ப விட்டார்கள். யோஷிதோ உசுய் 1990இல் அந்தச் சித்திரக்கதையைத் தொடங்கியது வளர்ந்தவர்கள் படிக்கிற வாரப் பத்திரிகையில். அதாவது, அது அப்பாமார்களுக்காக எழுதிய கதை. அலுப்பில் வீடு திரும்பும் சம்பளக்காரர், கழற்றிய காலுறையின் நாற்றம், வீட்டுக்கடன், தள்ளுபடி விற்பனைக்குப் பறக்கும் மனைவி என்று எல்லாமே அதில் உண்டு. நாம்தான் படத்தில் ஒரு பொடியன் இருக்கிறான் என்று பார்த்துவிட்டுப் பிள்ளைகள் முன்னால் போட்டோம். அப்புறம் பிள்ளைகள் கெட்டார்கள் என்று நாமே புகாரும் கொடுத்தோம்.

எங்கள் வீட்டில் ஷின்சானைப் பார்த்து வாய் விட்டுச் சிரித்தவன் நான். வீட்டுக்கடன் முப்பத்திரண்டு வருஷம் பாக்கி என்று அவன் அப்பா ஹிரோஷி புலம்பும் இடத்தில் எனக்கு அழுகையும் வரும். என் மகனுக்கு அந்த இடம் விளங்குவதே இல்லை. "இதுல என்னப்பா இருக்கு?" என்பான். இருபத்தைந்து வயதுக்கு மேல் பார்க்கட்டும், விளங்கும்.

நாடாளுமன்றங்களும் இதற்கு விலக்கில்லை. மிக்கி மவுஸ் பேர்வாங்கிய முதல் படம் வந்தது 1928இல். 2003 முடிவில் அதன் காப்புரிமை காலாவதி ஆகவேண்டியது. 1998இல் அமெரிக்காவில் எல்லாக் காப்புரிமைக்கும் சேர்த்து இருபது ஆண்டு நீட்டித்துச் சட்டம் போட்டார்கள். ஊரார் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'மிக்கி மவுஸ் பாதுகாப்புச் சட்டம்'. 2024இல்தான் அந்தப் பழைய எலி பொதுச்சொத்தானது. பிள்ளையாரையே சுமக்கிற நம் ஊர் எலிக்கு இன்றுவரை பஞ்சாயத்தில் ஒரு தீர்மானம்கூடக் கிடையாது. கிடைப்பதெல்லாம் மசால்வடை வைத்த பொறிதான்.

சோட்டா பீமைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஹைதராபாத்காரர்கள் கோபிப்பார்கள். 2008இல் கிரீன் கோல்ட் நிறுவனம் கொண்டுவந்த பையன். லட்டு தின்றால் பலம் வரும். கீரைக்கு மாற்றாக லட்டைச் சிபாரிசு செய்த ஒரே வீரன் என்பதால் எங்கள் அப்பாவுக்கு அவன்மேல் தனி மதிப்பு. சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர், பீம் லட்டை வாயில் போடும்போதெல்லாம் "பாரு, பாரு" என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுவார். பிள்ளைகள் பீமைப் பார்த்து லட்டு கேட்டதாக எனக்கு நினைவில்லை.

போன மாதம் என் மகன் ஒரு அறிவிப்பு வெளியிட்டான். இனிமேல் கார்ட்டூன் பார்க்கப் போவதில்லையாம். "அதெல்லாம் சின்னப் பசங்க பாக்குறதுப்பா" என்றான். மனைவிக்குச் சந்தோஷம். உடனே கணக்குப் போட்டாள். "அப்போ கேபிள்காரரைக் கூப்பிட்டு அந்தச் சிறுவர் சேனலை எல்லாம் எடுக்கச் சொல்லிடுங்க. மாசா மாசம் தண்டமாப் போகுது."

கூடத்தில் சத்தமே இல்லை. அப்பா கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் போனைக் கையில் எடுத்து, நம்பரைத் தேடுவதுபோல் தேடிக்கொண்டே இருந்தேன். அம்மாதான் வழி சொன்னார்:

"இருந்துட்டுப் போகட்டும்டா. நாலு பிள்ளைங்க வந்துபோற வீடு."

இதுவரை ஒரு பிள்ளையும் வரவில்லை. சந்தா மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது.