பாட்டன் பூட்டன் பெயர் கேட்ட கட்சி

முன்னோரைப் போற்றுவதில் இலங்கையில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு நிகரான கட்சி இல்லை. 1946 செப்டம்பரில் டி. எஸ். சேனாநாயக்கா தொடக்கிவைத்த கட்சி அது. சுதந்திரம் வாங்கித் தந்தவர் எங்கள் தலைவர், மகாவலியைத் திருப்பியது எங்கள் ஆட்சி, திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் ஜனாதிபதி என்று யானைச் சின்னத்தின் கீழ் நின்று பெருமையோடு சொல்கிறார்கள். 1983இல் தமிழர் மீது நடந்த வன்முறை பற்றி யாராவது கேட்டால் மட்டும், அது பழைய கதை, அன்றைய தலைவர்கள் இன்று இல்லை என்கிறார்கள். தகப்பன் விட்டுப்போன சொத்தை ஒரு சதம் குறையாமல் எடுத்துக்கொண்டு, அவன் பட்ட கடனை மட்டும் ஊராரிடம் விட்டுவிடும் இந்தச் சாமர்த்தியம் எல்லா வாரிசுகளுக்கும் வாய்ப்பதில்லை.

பழைய தவறை வைத்து இன்றைய கட்சியை எடைபோடலாமா என்ற கேள்விக்கு இக்கட்சி எப்போதோ விடை தந்துவிட்டது. அதுவும் வாய்ப்பேச்சாக அல்ல, சட்டமாகவே தந்தது. 1948 பெப்ரவரியில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது; அந்த ஆண்டு முடிவதற்குள் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. ஒருவர் இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் போதாது, அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். ஒரு மனிதரின் இன்றைய உரிமையை அவருடைய முன்னோரை வைத்தே தீர்மானிக்க வேண்டும் என்பதில் ஐ.தே.க.வுக்கு அன்று இருந்த தெளிவைப் பாராட்டத்தான் வேண்டும். முன்னோர் செய்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்று இன்று கேட்பவர்கள், தங்கள் கட்சியின் முதல் பாடத்தையே மறந்துவிட்டார்கள்.

அந்தப் பாடத்தைப் படித்தவர்கள் மலையகத்து மக்கள். விடிவதற்கு முன்பே தோட்டத்துப் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறிய ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளுடைய பாட்டன் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப்பாதையில் நடந்தே மாத்தளைக்கு வந்தவன். அந்தப் பாதையில் காய்ச்சலில் விழுந்து செத்தவர்களுக்கு யாரும் கடதாசி எழுதவில்லை. லயக் காம்பராவில் பிறந்த பலருக்கும் எழுதவில்லை. அவளிடம்தான் சட்டம் மூன்று தலைமுறைக்குச் சான்று கேட்டது. அடுத்த ஆண்டே தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றார்கள். சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1947 தேர்தலில் மலையகத் தொகுதிகளை வென்ற இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு 1952இல் ஓர் ஆசனம்கூட இல்லை. ஒரு வெடிச்சத்தம் கேட்காமல், ஒரு வீடு எரியாமல், இரண்டே சட்டங்களால் ஒரு சனத்தையே வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றிய நிர்வாகத் திறமைக்கு ஈடு உண்டா?

பறித்ததைத் திருப்பித் தந்த பெருமையும் இதே கட்சிக்கு உண்டு. 1988இல் அதன் ஆட்சியில் ஒரு சட்டம் வந்தது. 2003இல் ரணில் விக்கிரமசிங்க பிரதமராக இருந்தபோது இன்னொரு சட்டம் வந்தது. ஒரே கட்சி எடுத்து, அதே கட்சி கொடுக்க 55 ஆண்டுகள். அதற்கிடையில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி லட்சக்கணக்கானவர்கள் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். திருப்பித் தந்தபோது வாங்கிக்கொள்ள அவர்கள் இங்கே இல்லை.

மொழி விஷயத்தில் கட்சி காட்டிய நெகிழ்வும் குறிப்பிட வேண்டியதே. யாழ்ப்பாணத்துக்குப் போய் இரு மொழிகளுக்கும் சம இடம் என்று உறுதி தந்த பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலயின் கட்சி, 1956 தேர்தலுக்கு முன் களனி மாநாட்டில் சிங்களம் மட்டும் என்று தீர்மானித்தது. மறு ஆண்டு தமிழர் கோரிக்கைகள் பற்றிய பண்டா - செல்வா ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அதை எதிர்த்து ஜே. ஆர். ஜயவர்த்தன கண்டிக்கு நடக்கத் தொடங்கினார். ஆட்சியில் இல்லாதபோதும் சமாதானத்தைத் தடுக்கும் கடமையிலிருந்து கட்சி ஓய்வு எடுத்துக்கொள்ளவில்லை.

1977இல் 168 ஆசனங்களில் 140ஐ மக்கள் இக்கட்சிக்குக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய நம்பிக்கையைக் கட்சி என்ன செய்தது? 1981 ஜூன் தொடக்கத்தில் ஓர் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்காகத் தெற்கிலிருந்து பொலிஸ் படை வந்திருந்த நேரம். சிறில் மத்தியூ, காமினி திசாநாயக்க என்ற இரு அமைச்சர்கள் அப்போது யாழ்ப்பாணத்திலேயே இருந்தார்கள். சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அமைச்சர்கள் இருவர் ஊரில் இருக்க, பொலிஸ் நிறைந்த நகரத்தின் நடுவில், ஒரு நூலகம் இரவு முழுவதும் இடையூறின்றி எரிய முடிந்தது என்றால், அந்த ஆட்சியின் ஒழுங்குக்கு வேறு சான்று வேண்டாம்.

அடுத்த ஆண்டு பொதுத் தேர்தல் நடத்தும் சிரமத்திலிருந்தும் நாட்டைக் கட்சி காப்பாற்றியது. 1982 டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. விளக்குக்குப் புள்ளடி போட்டால் அதே பாராளுமன்றம் இன்னும் 6 ஆண்டுகள் இருக்கும். குடத்துக்குப் போட்டால் தேர்தல் வரும். தன் உறுப்பினர்களிடம் திகதி இடாத இராஜினாமாக் கடிதங்களை முன்பே வாங்கி வைத்திருந்தார் ஜனாதிபதி ஜயவர்த்தன. விளக்கு வென்றது. 1977இல் தெரிவான பாராளுமன்றம் 1988 டிசம்பர் வரை நீடித்தது. அந்த விளக்கின் வெளிச்சத்தில்தான் 1983 ஜூலை வந்தது.

ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு பொரளைக் கனத்தை மயானத்தில் தொடங்கிய நெருப்பு, 25ஆம் திகதி கொழும்பு முழுவதும் பரவியது. கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த வீதியில், எத்தனையாம் இலக்க வீட்டில், எந்தப் பெயரில் தமிழர் இருக்கிறார் என்று பார்த்துப் பார்த்து வந்தார்கள். பக்கத்து வீட்டைத் தொடவில்லை. இடாப்பில் பெயர் இல்லாமல் போனதால் மலையகத் தமிழர் நாட்டை இழந்தார்கள்; இடாப்பில் பெயர் இருந்ததால் கொழும்புத் தமிழர் வீட்டை இழந்தார்கள், உயிரையும் இழந்தார்கள். இடாப்பைப் பயன்படுத்துவதில் இந்த ஆட்சிகள் அவ்வளவு தேர்ச்சி பெற்றிருந்தன. வெலிக்கடைச் சிறைக்குள், அரசின் பூட்டுக்கும் சாவிக்கும் நடுவே, ஜூலை 25லும் 27லும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். 28ஆம் திகதிதான் ஜனாதிபதி தொலைக்காட்சியில் தோன்றினார். வீடிழந்து அகதி முகாம்களில் படுத்திருந்த தமிழர்கள் தங்களுக்கு ஓர் ஆறுதல் வார்த்தை வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. அடுத்த மாதமே, பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்யக் கேட்கும் ஆறாம் திருத்தம் அரசியலமைப்புக்கு வந்தது. தமிழர் விடுதலைக் கூட்டணியினர் பாராளுமன்றத்தை இழந்தார்கள். அடித்தவரைத் தேடி அலையாமல் அடிபட்டவரிடமே சத்தியம் கேட்ட நீதி அது. 1979இல் 3 ஆண்டுகளுக்கு மட்டும் என்று கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டமும் கூடவே நின்றது.

இன்றைய இளைஞர்கள் இதற்கெல்லாம் என்ன செய்வார்கள் என்பது நேர்மையான கேள்வி. அவர்கள் கையில் இரத்தம் இல்லை. 1983க்குப் பின் பிறந்த ஒருவர் மீது அந்த ஜூலையைச் சுமத்துவது அநீதி. ஆனால் கட்சி என்பது ஓர் ஆள் அல்ல. அதற்குப் பெயர் உண்டு, சின்னம் உண்டு, தலைமுறை தலைமுறையாக வரும் வாக்கு உண்டு. இவற்றை வேண்டாம் என்று எந்த இளைஞரும் சொல்லவில்லை. 2020இல் உடைந்து தனிக்கட்சியாகப் போனவர்களும் வாக்குகளைக் கொண்டுபோனார்கள். 1948ஐயும் 1983ஐயும் கொண்டுபோகவில்லை. மிஞ்சிய கட்சிக்கு அந்தத் தேர்தலில் கிடைத்தது ஒரு தேசியப்பட்டியல் ஆசனம் மட்டுமே. மக்கள் அதைத் தண்டித்துவிட்டார்களே என்று சிலர் சொல்லலாம். அந்தத் தோல்விக்குக் காரணம் உட்கட்சிச் சண்டை. வெலிக்கடையில் மாண்டவர்களின் கணக்கு அதில் தீரவில்லை.

சிங்களம் மட்டும் சட்டத்தை நிறைவேற்றியது சுதந்திரக் கட்சிதானே என்பதும் உண்மை. அந்தக் கட்சிக்கும் அதன் கணக்கு உண்டு. ஒருவர் கடனைக் காட்டி மற்றவர் கடன் கழியாது. ஆனால் 1983க்காக 2004இல் தமிழ் மக்களிடம் மன்னிப்புக் கேட்டவர் சுதந்திரக் கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க. தான் செய்யாததற்கு எதிராளி மன்னிப்புக் கேட்கும் அளவுக்குப் பொறுமையாக இருந்தது ஐ.தே.க.

நூலகம் எரிந்து 35 ஆண்டுகள் கழித்து, 2016இல், ரணில் பாராளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார். அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஒரு கட்சியால் முடியும் என்று அது காட்டிவிட்டது. அதனால்தான் மிச்சத்தையும் கேட்கிறோம். யாருக்கும் பாட்டன் பூட்டனின் பிறப்புச் சான்று வேண்டாம். இடாப்புகள் எந்தக் கந்தோரிலிருந்து, யார் கையால் வெளியே போயின என்று கட்சி தன் பழைய ஆட்களிடம் கேட்டுச் சொல்லட்டும். வெலிக்கடைக் கொலைகளுக்கு ஒருவர்கூடத் தண்டிக்கப்படாதது ஏன் என்று சொல்லட்டும். ஒரு தலைவரின் உரையாக அல்லாமல், கட்சி மாநாட்டின் தீர்மானமாக 1948க்கும் 1983க்கும் மன்னிப்புக் கேட்கட்டும். தவறு செய்த கட்சிகள் இந்த நாட்டில் நிறைய உண்டு. அதை முழுவதும் தன் பெயரில் எழுதி ஏற்றுக்கொண்ட கட்சி இன்னும் ஒன்றும் இல்லை. அந்தப் புகழ் இதுவரை யாரும் எடுத்துக்கொள்ளாமல் கிடக்கிறது. ஐ.தே.க. அதை எடுத்துக்கொள்ளும் நாளில், ஒரு சொல்லிலும் வஞ்சம் வைக்காமல் அதைப் புகழ்ந்து எழுத நான் காத்திருக்கிறேன்.