வலது கை 600, இடது கை 500

வேலையில் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு கொடுக்கும் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஜெர்மனியில், பிஸ்மார்க்கின் மீசையில் ஆரம்பிப்பார்கள். நான் கடல் கொள்ளைக்காரர்களிடம் ஆரம்பிக்கிறேன். கணக்கு விஷயத்தில் அவர்கள்தான் நாணயமானவர்கள்.

17-ஆம் நூற்றாண்டில் கரீபியக் கடலில் ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையடித்துத் திரிந்த கும்பலோடு எக்ஸ்கெமெலின் என்றொரு வைத்தியர் இருந்தார். வெட்டுப்பட்டதைத் தைப்பது, தைக்க முடியாததை அறுப்பது அவர் உத்தியோகம். பிறகு ஐரோப்பா திரும்பி, 1678-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு புத்தகம் போட்டார். கப்பலேறும் முன்பே கொள்ளைக்காரர்கள் கூடி உட்கார்ந்து எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம் அதில் இருக்கிறது. வலது கை போனால் 600 ஸ்பானிய வெள்ளி. இடது கைக்கு 500. வலது கால் 500, இடது கால் 400. கண் 100, விரலுக்கும் அதே 100. கண்ணும் விரலும் ஒரே விலையா என்று கேட்கக்கூடாது. துப்பாக்கியால் குறிபார்க்க எப்படியும் ஒரு கண்ணை மூடத்தானே வேண்டும்?

இந்தப் பணத்தை யாரிடமும் மனுப்போட்டு வாங்க வேண்டியதில்லை. கொள்ளை முழுவதும் ஒரு பொதுப் பானையில் விழும். அதிலிருந்து அடிபட்டவனுக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைத்தான் மற்றவர்கள் பங்குபோடுவார்கள். யார் தப்பு, நீ ஏன் குனியவில்லை என்ற விசாரணை கிடையாது. ஒரே நிபந்தனை: கொள்ளை கிடைக்காவிட்டால் கூலியும் இல்லை, ஈடும் இல்லை.

இங்கேயே கைதட்டிவிட வேண்டாம். வெள்ளி வேண்டாதவன் அடிமையாக வாங்கிக்கொள்ளலாம் என்றும் அதே ஒப்பந்தம் சொல்கிறது. வலது கைக்கு 6 அடிமைகள். ஒருவனின் ஒரு கைக்கு ஆறு பேரின் முழு உடம்பு. அந்த ஆறு பேரில் ஒருவனுக்குக் கை போனால் என்ன தருவார்கள் என்பது பட்டியலில் இல்லை.

இன்னொன்றும் பட்டியலில் இல்லை. 600 வெள்ளியை மடியில் கட்டிக்கொண்ட ஒற்றைக் கைக்காரன் மறுநாள் காலையில் எழுந்து என்ன வேலை செய்வான்? போன கைக்கு விலை போட்டாயிற்று. மிச்சமிருக்கும் ஆளை என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் உலகம் அடுத்த முந்நூறு வருஷம் விழுந்து புரண்டது.

இங்கிலாந்துக் கடற்படைக்கு ஒரு பதில் கிடைத்தது: அடுப்படி. அதற்கு முன்னால் ஒரு பெட்டி. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஸ்பெயினின் பெரும்படையை விரட்டிய கையோடு, அவர்கள் சாத்தம் துறைமுகத்தில் ஓர் இரும்புப் பெட்டியை வைத்தார்கள். மாலுமிகளின் கூலியில் மாதம் ஆறு பென்ஸ் பிடித்து அதில் போட்டு, ஊனமடைந்தவர்களுக்கு அதிலிருந்து கொடுப்பது ஏற்பாடு. திருடு போகக்கூடாது என்று பெட்டிக்குப் பல பூட்டு, சாவிகள் பல பேரிடம். விளைவு, திருடுவதற்குப் பல பேர் ஒத்துழைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பின்னாளில் கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் இந்தப் பெட்டியின் முறைகேடுகளைப் பற்றிப் புலம்பியிருக்கிறார்.

பெட்டி கைவிட்டவனைச் சமையல்கட்டு ஏந்திக்கொண்டது. 18-ஆம் நூற்றாண்டில் போர்க்கப்பலின் சமையல்காரர் வேலைக்குக் கால் போனவர்களையும் கை போனவர்களையும் தேடிப்பிடித்து வைத்தார்கள். 1799-இல் ஓவியர் ரோலண்ட்சன் வரைந்த கப்பல் சமையல்காரர் படத்தில் ஆள் மரக்காலோடு பானை முன்னால் நிற்கிறார். சமைக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. உப்புக்கண்டத்தை ஊறவைத்து வேகவைக்க இரண்டு கால் எதற்கு? நம் ஊர் ஆலைகளில் இன்றும் ‘லைட் டூட்டி’ என்கிறார்களே, அதன் பூர்வீகம் இந்த அடுப்படிதான் என்பது என் கட்சி. சாப்பிட்டவர்களின் வயிற்றுக்கு நஷ்டஈடு எதுவும் ஏற்பாடாகவில்லை.

கடலில் இப்படி ஓடிக்கொண்டிருக்க, கரையில் சட்டம் படித்தவர்கள் நுழைந்தார்கள். காரியம் கெட்டது.

லிங்கன்ஷயரில் ஃபௌலர் என்ற கசாப்புக் கடைக்காரர். அவரிடம் சார்லஸ் பிரீஸ்ட்லி என்ற பையன் வேலைக்கு இருந்தான். ஆட்டுக்கறியை அளவுக்கு மேல் ஏற்றிய வண்டி உடைந்து விழுந்ததில் பையனுக்குத் தொடையெலும்பு போயிற்று. வழக்குப் போட்டார்கள். ஜூரிகள் 100 பவுண்டு கொடுக்கச் சொன்னார்கள். முதலாளி விடவில்லை. 1837-இல் வழக்கு நீதிபதி லார்ட் அபிங்கர் முன்னால் போய் நின்றது.

பிரபுவுக்குப் பையனின் தொடை கண்ணில் படவில்லை. தன் வீட்டுப் படுக்கையறைதான் தெரிந்தது. இந்தப் பையனுக்கு ஈடு கொடுத்தால் நாளைக்கு என்ன ஆகும்? வேலைக்காரி ஈரப் படுக்கையில் படுக்கவைத்தாள் என்று இன்னொரு வேலைக்காரன் வருவான். கட்டில் மெத்தை விற்பவன் அனுப்பிய ஆடுகிற கட்டிலிலிருந்து தூக்கத்தில் விழுந்தேன் என்று ஒருவன் வருவான். சமையல்காரி செப்புப் பாத்திரத்தைச் சரியாகத் துலக்கவில்லை என்று ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவான். எஜமானர்கள் என்ன ஆவது? பிரபு உண்மையிலேயே இந்த வரிசையில்தான் யோசித்துத் தீர்ப்பு எழுதினார். பையனுக்கு ஒரு பென்ஸ் கிடையாது. வண்டியில் பாரம் அதிகம் என்று முதலாளியைப் போல அவனுக்கும் தெரிந்திருக்கும். ஏறமாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே! கசாப்புக் கடையில் எடுபிடிப் பையன் ‘மாட்டேன்’ என்று சொல்லி, அதன் பிறகும் வேலையில் இருந்த ஊரைப் பிரபு எங்கே பார்த்தாரோ.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் இதே கதை. பாஸ்டன்–வூஸ்டர் ரயில்வேயில் ஃபார்வெல் என்ற எஞ்சின் டிரைவர், நாளைக்கு 2 டாலர் சம்பளம். தண்டவாளம் மாற்றுகிறவர் கோட்டைவிட, எஞ்சின் தடம்புரண்டு இவருடைய வலது கையை நசுக்கியது. 1842-இல் மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுயெல் ஷா தீர்ப்புச் சொன்னார்: சக தொழிலாளியின் தப்புக்கு முதலாளி பொறுப்பில்லை, ஆபத்துக்கான விலை அந்தச் சம்பளத்துக்குள்ளேயே இருக்கிறது. கொள்ளைக்காரனாக இருந்திருந்தால் ஃபார்வெல்லுக்கு 600 வெள்ளி கிடைத்திருக்கும். ரயில்வேயில் சேர்ந்தது அவர் தப்பு.

இந்த ஷாவுக்கு ஒரு மருமகன் வாய்த்தார். ஹெர்மன் மெல்வில். மாமனாரின் தீர்ப்புக்கு ஒன்பது வருஷம் கழித்து மருமகன் ‘மோபி டிக்’ எழுதினார். கால் போன கேப்டன் ஆகாப் திமிங்கில எலும்பில் கால் செய்து மாட்டிக்கொண்டு மறுபடி வேலைக்கு வருகிறார். அமெரிக்க இலக்கியத்திலேயே புகழ்பெற்ற ‘வேலைக்குத் திரும்புதல்’ அதுதான். முடிவு அவ்வளவு நன்றாக இல்லை. டாக்டர் சான்றிதழ் வாங்காமல் வந்தால் அப்படித்தான்.

இனி பிஸ்மார்க். மனுஷருக்குத் தொழிலாளி மேல் பாசம் பொங்கிவிடவில்லை. சோஷலிஸ்டுகளைக் கண்டால் ஆகாது. 1878-இல் அவர்களைத் தடைசெய்து சட்டம் போட்டார். அப்படியும் அவர்கள் ஒழியவில்லை. சரி, அவர்கள் கேட்பதை நாமே கொடுத்துவிட்டால் அவர்களுக்குப் பேச என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டார். 1884-இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. யார் தப்பு என்ற விசாரணை ஒழிந்தது. அந்த அளவில் பிஸ்மார்க் கொள்ளைக்காரர்களின் நாகரிகத்தை எட்டிப்பிடித்தார். முதல் 13 வாரம் நோய்க்காப்பு நிதி பார்த்துக்கொள்ளும். அதன் பிறகும் ஆள் எழுந்திருக்கவில்லை என்றால் முதலாளிகள் தொழில்வாரியாகச் சங்கம் சேர்ந்து போட்ட பணத்திலிருந்து ஓய்வூதியம். முழு ஊனத்துக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு.

அங்கேதான் வேடிக்கை. வருஷக்கணக்கில் ஓய்வூதியம் கொடுக்கப்போகிறவன், உடைந்த எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டதே என்று அதுவரை கவலைப்பட்டதில்லை. இப்போது கோணல் எலும்பு ஒவ்வொன்றும் மாசாமாசம் வரும் பில். சுரங்க முதலாளிகளின் சங்கம் திடீரென்று வைத்திய சிகாமணியாக மாறி, 1890-இல் போஹும் நகரில் சுரங்கத் தொழிலாளிக்கென்றே ஒரு மருத்துவமனை கட்டியது. பெர்க்மான்ஸ்ஹைல் என்று பெயர். விபத்துச் சிகிச்சைக்கென்றே கட்டிய ஆஸ்பத்திரிகளில் உலகத்திலேயே முதலாவது. தர்ம சிந்தனை ஆயிரம் வருஷம் செய்யாததை வட்டிக் கணக்கு ஆறே வருஷத்தில் செய்தது.

கட்டுப் பிரித்ததும் ஆளைப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்வீடன் டாக்டர் ஸாண்டர் கண்டுபிடித்த வகையில் நெம்புகோலும் சக்கரமுமாக இயந்திரங்கள். ஒன்று முழங்காலை மடக்கும், ஒன்று தோளைச் சுழற்றும். முழங்கால் கொஞ்சம் மடங்கினால் ஓய்வூதியமும் கொஞ்சம் மடங்கும். தொழிலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்த நிலையங்களுக்கு ‘ரென்டன்குவெட்ஷ’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள்: ஓய்வூதியத்தைப் பிழிகிற யந்திரம். நம் ஊர்க்காரர் பெயர் வைத்திருந்தால் கரும்பு மிஷின் என்றிருப்பார். இதே குடும்பத்து இயந்திரம்தான் 1912-இல் டைட்டானிக்கின் உடற்பயிற்சி அறையில் மின்சார ஒட்டகமாக நின்றது. பணக்காரர் பொழுதுபோக அதில் ஏறினார். சுரங்கத் தொழிலாளியைப் பணம் குறைக்க ஏற்றினார்கள்.

டாக்டர்கள் சும்மா இருப்பார்களா? ஓய்வூதியம் கிடைக்கும் என்ற நினைப்பே ஆளை நோயாளியாக்குகிறது என்று சொல்லி, ‘ஓய்வூதிய நரம்பு நோய்’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். ஓய்வூதியம் கொடுக்க வேண்டுமே என்ற நினைப்பில் முதலாளிக்கு வரும் நடுக்கத்துக்குப் பெயர் வைக்க மறந்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் இதே மாதிரி சட்டம் போட்டது. 1911 மார்ச் 24 அன்று மாநிலத்தின் உச்ச வழக்குமன்றம் அது செல்லாது என்றது: தப்பே செய்யாத முதலாளியிடம் பணம் பிடுங்குவது சொத்துரிமைக்கு விரோதம். மறுநாள், மார்ச் 25, அதே மாநிலத்தில் ட்ரையாங்கிள் சட்டைக் கம்பெனியில் தீப்பிடித்தது. கதவு பூட்டியிருந்தது. 146 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். இந்த இடத்தில் எனக்குச் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த சில வருஷங்களில் ஒவ்வொரு மாநிலமாகச் சட்டம் போட்டது. கடைசியாக மிசிசிப்பி 1948-இல் வந்து சேர்ந்தது.

பல சட்டங்களில் உறுப்பு விலைப்பட்டியல். இந்தியாவின் 1923-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் இருந்தது. திருத்தங்களுக்குப் பிறகு கட்டைவிரலுக்கு 30 சதவீதம். ஏகலைவன் கேட்டிருந்தால் துரோணர் கட்டியிருக்க வேண்டும், குருதட்சிணை என்று ரசீதை மாற்றி எழுதித் தப்பித்தார்.

பட்டியல் இருந்தும் பழைய கேள்வி போகவில்லை. மிச்சமிருக்கும் ஆளை என்ன செய்வது? 1925-இல் ஓக்லஹோமாவில் அதற்கு ஒரு பயங்கரமான பதில் கிடைத்தது. ஏற்கெனவே ஒரு கண் இல்லாதவர் இரண்டாவது கண்ணையும் வேலையில் இழந்தால் அது ஒரு கண் கணக்கில்லை, முழு ஊனம். கடைசியாக வேலை கொடுத்தவரே முழுசாகக் கட்ட வேண்டும் என்று வழக்குமன்றம் சொன்னது. நியாயம்தானே? அவருக்கு இனிமேல் உலகமே இருட்டு. முதலாளிகளும் நியாயமாகவே யோசித்தார்கள்: ஒற்றைக் கண், ஒற்றைக் கை, ஒற்றைக் கால் உள்ள ஒவ்வொருவரும் நம் பட்டறையில் நடமாடும் கடன் பத்திரம். முப்பது நாளுக்குள் 7,000-லிருந்து 8,000 பேர் வேலையிழந்தார்கள் என்று பிறகு சாட்சியம் சொல்லப்பட்டது. அடிபட்டவரைக் காப்பாற்ற வந்த சட்டம் அடிபட்டவர்களையே தேடித்தேடி வீட்டுக்கு அனுப்பியது. அபிங்கர் பிரபு எழுந்து வந்து பார்த்திருந்தால், நான் அப்போதே சொன்னேன் என்றிருப்பார்.

இதற்கு மருந்து நியூயார்க்கில் 1916-லேயே இருந்தது. இரண்டாவது காயத்துக்கு மட்டும் கடைசி முதலாளி கொடுக்கட்டும். முழு ஊனத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பொது நிதி தாங்கட்டும். அதாவது பொதுப் பானை. எக்ஸ்கெமெலினின் கூட்டாளிகள் இதைக் கேட்டிருந்தால், இவ்வளவு நேரமா என்று ஏளனமாகப் பார்த்திருப்பார்கள்.

பானையை உருட்டிக்கொண்டு வெகுதூரம் போன மாநிலம் ஆரிகன். காப்பீட்டுப் பிரீமியம் ஏறி ஏறி முதலாளிகள் ஓலமிட, 1990-இல் கவர்னர் கோல்ட்ஷ்மிட் தொழிற்சங்கத்தாரையும் முதலாளிகளையும் மஹோனியா ஹால் என்ற தன் அரசு மாளிகையில் உட்காரவைத்துப் பேசவைத்தார். வெளியே வந்த சீர்திருத்தத்தில் இரண்டு பக்கமும் உண்டு. பழைய வலியும் புது அடியும் கலந்திருந்தால், வேலைதான் முதன்மைக் காரணம் என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டும் என்று கதவை ஒருக்களித்துச் சாத்தினார்கள். முதுகுவலியிடம் போய், நீ வேலையில் வந்தாயா வயசில் வந்தாயா என்று கேட்டால் அது என்ன சொல்லும்? பிரீமியம் இறங்கியதில் இந்தக் கதவுக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் சீர்திருத்தத்தைப் புகழ்கிறவர் பாதிக் கணக்கைத்தான் காட்டுகிறார்.

ஆனால் அந்த ஊரில் ஓர் அட்டை இருக்கிறது. பழைய வேலைக்குத் திரும்ப முடியாதபடி நிரந்தரப் பாதிப்பு உள்ளவரிடம் அதைக் கொடுக்கிறார்கள். ‘முன்னுரிமைத் தொழிலாளி’ என்று பட்டம். அவரை எடுக்கிற முதலாளிக்குச் சில மாதம் பாதிச் சம்பளத்தை நிதியே தரும். 3 வருஷம் அவர் பேரில் பிரீமியம் கிடையாது. அவருக்கேற்றபடி மேசையை உயர்த்தவோ இயந்திரத்தை மாற்றவோ பணம் கிடைக்கும். அந்தக் காலத்துக்குள் மறுபடி அடிபட்டால் செலவு நிதியின் தலையில். நிதிக்கு வேலை நேரம் ஒன்றுக்கு இத்தனை சென்ட் என்று முதலாளியும் தொழிலாளியும் பாதிப் பாதி போடுகிறார்கள். சாத்தம் பெட்டியில் மாலுமி மட்டும் போட்டான். அந்த அளவில் முன்னேற்றம்தான்.

ஓக்லஹோமாவில் எந்தக் குறைக்காக ஆளை வாசலோடு திருப்பினார்களோ, அதே குறைக்கு இங்கே ஆடித் தள்ளுபடி. அட்டையை நீட்டியதும் மேனேஜர் முதலில் பார்ப்பது ஆளின் தொழில்திறமையையா, தள்ளுபடியையா என்று கேட்டால், தள்ளுபடியைத்தான். பார்த்துவிட்டுப் போகட்டும். அந்த மரக்கால் சமையல்காரரையும் அவர் கைப்பக்குவத்துக்காக யாரும் கப்பலில் ஏற்றவில்லை.