மெனு போட்ட மருமகனுக்கு

மருமவனே, ரௌட்டரு, ஸ்விட்சுக்குள்ள ஏற நீ எழுதுன மெனு ஸ்கிரிப்டைப் பாத்தேன். சுத்தி நட்சத்திரத்துல கட்டம், நடுவுல பச்சை எழுத்து, அடியில ‘உருவாக்கியவர்’னு உன் பேரு. ரௌட்டரைச் செஞ்சவன் பேரு ஒருத்தனுக்கும் தெரியாது. அதுக்குள்ள போக வழி எழுதுனவன் பேரு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. சந்தோசம்.

நல்ல காரியந்தான், இல்லைங்கல. ஆபீசுல இருக்குற அத்தனை ஐபி முகவரியையும் நெஞ்சுல சுமந்துக்கிட்டுத் திரிஞ்ச புள்ள, இனி 1 அமுக்குனா கோர் ஸ்விட்ச், 2 அமுக்குனா ஃபயர்வால்னு காலை நீட்டி உக்காரலாம். பாஷ்லயே ‘செலக்ட்’னு ஒண்ணு இருக்கு. பட்டியலைக் குடுத்தா அதுவே நம்பர் போட்டு நீட்டும், ‘பிஎஸ்3’ல கேள்வியை எழுதி வச்சா அதுவே கேக்கும். நீ அதை விட்டுட்டு எக்கோ எக்கோன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்க. வரிக்கு இம்புட்டுன்னு கூலி குடுக்காங்க போல.

பாஸ்வேர்டையும் ஸ்கிரிப்டுக்குள்ளயே எழுதிட்ட. புத்திசாலி! மறந்து போவாதுல்லா. அந்த ஃபைலுக்கு 777 பர்மிசன் வேற. உன் பாஸ்வேர்டை நீ மறந்தாலும் பக்கத்து சீட்டுக்காரன் ஞாபகப்படுத்துவான். எஸ்எஸ்ஹெச்பாஸ்ல ‘-பி’ போட்டுப் பாஸ்வேர்டைக் கையோட குடுக்குற வழியும் ஒரு இடத்துல வச்சிருக்க. இருக்குறதுலயே பாதுகாப்புக் கம்மியானது இந்த வழிதான்னு அதோட கையேடே சொல்லுது. கையேட்டை எவன் படிக்கான்?

ஸ்கிரிப்டுல நீ கூப்பிட்டிருக்குற இந்த எக்ஸ்பெக்டு இருக்கே, அது பொல்லாத பய. அமெரிக்காவுல என்ஐஎஸ்டிங்கிற அரசாங்க நிறுவனத்துல இருந்த டான் லிப்ஸ் 1990ல செஞ்சு விட்டாரு. மனுசன் உக்காந்து பதில் சொல்ல வேண்டிய இடத்துல அது உக்காரும். எதிராளி ‘பாஸ்வேர்டு’ன்னு கேக்குற வரைக்கும் காத்திருந்து தட்டிவிடும். ‘இண்டராக்ட்’னு சொன்னா கீபோர்டை உன்கிட்ட குடுத்துட்டு ஒதுங்கிக்கும். ஆனா நீ வேற கணக்கு சொல்லாத வரைக்கும் அது காத்திருக்கிறது 10 செகண்டுதான். அதுக்குள்ள கேள்வி வரலைன்னா என்ன செய்யணும்னு நீ எழுதவே இல்ல. அதனால அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போயிரும். கிழட்டு ஸ்விட்ச் ஒண்ணு 11ஆவது செகண்டுல மெதுவா ‘யூசர்நேம்’னு வாயைத் தெறக்கும். உன் ஸ்கிரிப்டு பேரு சொல்லி முடிச்சாச்சுன்னு நெனச்சுப் பாஸ்வேர்டை அனுப்பும். ‘இந்தப் பேருல ஒருத்தன் வந்தான், உள்ள விடல’ன்னு லாக்ல பதியுற சாதனமா இருந்தா, உன் பாஸ்வேர்டு பட்டவர்த்தனமா அங்க உக்காந்திருக்கும். ‘டைம்அவுட்’டுன்னு ஒரு வரி எழுதி, ‘ஆள் இல்ல’ன்னு சொல்லிட்டு வெளிய வந்திருந்தா முடிஞ்சது சோலி.

இன்னொரு அழகும் கண்டேன். எஸ்எஸ்ஹெச்ல ஏற முடியலைன்னா டெல்நெட்டுல ஏறுன்னு எழுதியிருக்க. டெல்நெட்டு 1969ல பொறந்தது. உங்கம்மா அப்ப தொட்டில்ல கெடந்தா. அடிக்கிற எழுத்தையெல்லாம் திறந்தபடியே அனுப்பும். ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்குல எவனோ ஒளிஞ்சு உக்காந்து பாஸ்வேர்டுகளை அள்ளினான்னுதான் 1995ல தாத்து யூலோனென் எஸ்எஸ்ஹெச்சையே எழுதினாரு. எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23, நடுவுல சும்மா கெடந்த 22ஐக் கேட்டு வாங்கினாரு. அம்புட்டுப் பாடுபட்டு அந்த மனுசன் சாத்துன கதவை நீ ‘எல்ஸ்’ போட்டுத் திறந்துட்ட. பழைய ஸ்விட்ச் பழைய முறையிலதான் பேசும், 2015ல வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 7.0லயிருந்து அந்த முறையை நிறுத்தி வச்சிருக்காங்க, அதான் ஏறல. அந்த ஒரு ஸ்விட்சுக்கு மட்டும் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் ஃபைல்ல விலக்கு எழுதிக்கலாம். அந்த ஃபைல்லயே ஒவ்வொண்ணுக்கும் சின்னப் பேரு வச்சு, சாவியையும் அதுலயே சொல்லிட்டா மெனுவுல பாதிக்கு வேலையே இல்ல. ஆனா பச்சை எழுத்து வராதே, என்ன செய்ய?

நம்பர் விசயத்துக்கு வாரேன். ரெண்டு மாசத்துல கை பழகிரும். 7ன்னா மாடி ஸ்விட்ச்னு கண்ணை மூடிக்கிட்டு அமுக்குவ. ஒரு நாள் புதுசா ஒண்ணு வந்து, அகரவரிசை கெடக் கூடாதுன்னு நீ நடுவுல சொருகுவ. 7ல அன்னைக்கு வேற ஆளு இருப்பான். பிராம்ட்டைப் பாத்தா தெரியாதான்னு கேப்ப. பாதி ஸ்விட்சுக்கு ‘ஸ்விட்ச்’னே பேரு, பெத்துப் போட்டதோட பேரு வைக்காம விட்ட புள்ளைக மாதிரி. அதுல போய் ‘ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலான்’னு அடிச்சு, ‘ஆட்’ங்கிற ஒத்தைச் சொல்லை முழுங்கிட்டு 30ன்னு போடுவ. 30ஐச் சேக்காது மருமவனே, 30ஐ மட்டும் வச்சிக்கிட்டு மிச்சத்தையெல்லாம் வெரட்டிரும். நீ உள்ள வந்த விலானும் அந்த மிச்சத்துலதான் இருக்கும். கையை வைக்கும் முன்ன ‘ரீலோட் இன் 10’ன்னு போட்டுக்க. நீ வெளிய நின்னாலும் 10 நிமிசத்துல அதுவா எந்திரிச்சு பழைய நெனப்புக்கு வந்துரும், நடுவுல சேவ் பண்ணாம இருந்தா. பிழைச்சுக்கிட்டன்னா ‘ரீலோட் கேன்சல்’.

எல்லாரும் ‘அட்மின்’னே உள்ள போறீக. லாக்கைப் பாத்தா ஒரே ஆளு ஒரே நேரத்துல மூணு மாடியிலயும் நிக்கான். ஆளுக்கொரு பேரு குடுத்து, டாகாக்ஸ்ங்கிற லாகின் சர்வர்ல கோத்துவிட்டா யாரு என்ன அடிச்சான்னு தெரிஞ்சு போவும். அதனாலதான் யாரும் கேக்கலையோ என்னமோ.

சின்னப் பயலுவ கண்ட்ரோல்-சி அமுக்கி ஷெல்லுக்குள்ள குதிச்சிரக் கூடாதுன்னு ‘டிராப்’ போட்டு அடைச்சிருக்க. கெட்டிக்காரத்தனம். வெளிய போக 0ன்னும் எழுதியிருக்க, ஆனா ‘கேஸ்’ல 0க்கு ஒரு வரியும் இல்ல. காலையில இருந்து 0 அமுக்குதேன், ‘தவறான எண், மீண்டும் முயலவும்’ங்குது. கண்ட்ரோல்-சியும் செத்துக் கெடக்கு. உங்கத்தை சோறு ஆறுதுன்னு கத்துதா. வந்து என்னை வெளிய எடுத்துவிடுல.