கிராஸ் கிராஸாகக் கேள்வி

? மகன் ஐ.டி.யில் இருக்கிறான். வீட்டுக்கு வந்த பிறகும் ராத்திரி இரண்டு மணி வரை ‘கம்யூனிட்டி சைட்டுகளை லிங்க் பண்றேன்’ என்று உட்கார்ந்திருக்கிறான். இதற்குத் தனிச் சம்பளம் உண்டா?
– பெயர் வேண்டாம் என்றவர், தில்லை நகர்

சல்லிக்காசு கிடையாது. ஓப்பன் சோர்ஸ்காரர்களின் பழைய வியாதி இது. ஒரே மென்பொருளுக்கு நிரல் எழுதுகிறவர்கள் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடப்பார்கள். ஆளுக்கொரு தளம் வைத்து, இன்று எதைச் சரிசெய்தேன், எது சொதப்பியது என்று எழுதுவார்கள். அத்தனையையும் தேடிப்போய்ப் படிக்க யாருக்கு நேரம்? அதற்காகவே ‘பிளானெட்’ என்று ஒரு சின்ன மென்பொருள் வந்தது. எழுதியவர்கள் ஜெஃப் வா, ஸ்காட் ஜேம்ஸ் ரெம்னன்ட். ஒருவர் க்னோம் திட்டத்து ஆள், மற்றவர் டெபியன் திட்டத்து ஆள். தள முகவரிகளைப் பட்டியலிட்டுக் கொடுத்தால் போதும். குறித்த நேரத்துக்கொரு முறை எல்லாத் தளங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி, புதிதாக வந்தவற்றைத் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் அடுக்கிவிடும். பையனுக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்துவிட்டு நீங்கள் தூங்குங்கள்.

? தமிழில் இப்படி ஏதாவது உண்டா, இல்லை வழக்கம்போல வெள்ளைக்காரனைப் பார்த்துப் பெருமூச்சா?
– தென்னூர் வாசகர்

பெருமூச்சை அடக்குங்கள். கோவைக்காரர் காசி ஆறுமுகம் 2004-இல் ‘தமிழ்மணம்’ திரட்டியைத் தொடங்கினார். அதற்கு முன் தமிழ் வலைப்பதிவுகளின் பட்டியலைக் கையால்தான் தொகுத்தார்கள். யார் புதிதாக எழுதியிருக்கிறார் என்று தெரிய, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து ஏமாற வேண்டும். தமிழ்மணம் வந்த பிறகு டொராண்டோவில் ஒருவர் எழுதியதை துபாயில் இன்னொருவர் டீ ஆறுவதற்குள் படித்து, சண்டைக்கும் வந்துவிடுவார். மறுமொழி வந்த இடுகைகளைத் தனியாக எடுத்துக் காட்டியதால், நாலு பேர் திட்டினால் நாற்பது பேர் படித்தார்கள். சிலர் திட்டு வாங்குவதற்கென்றே எழுதினார்கள். வாரம் ஒரு ‘நட்சத்திரப் பதிவர்’ வேறு. அந்த ஏழு நாளும் அவர் தரையில் நடக்கமாட்டார். ஆனாலும் யாழ்ப்பாணத்துக்காரரும் சிங்கப்பூர்க்காரரும் மதுரைக்காரரும் ஆசிரியர் தயவில்லாமல் ஒரே பக்கத்தில் அருகருகே நின்றது அங்கேதான். எந்த அச்சுப் பத்திரிகையும் அதைச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

? தொண்ணூறுகளிலேயே தமிழ் இணையத்துக்கு வந்தாயிற்றே. தளங்களை இணைக்க 2004 வரை ஏன் காத்திருந்தார்கள்?
– உறையூர் வாசகர்

வந்தது, ஆளுக்கொரு குறியேற்றத்தில். ஒரு தளம் டிஸ்கி, இன்னொன்று டாப், மூன்றாமவர் தானே வடித்த ஏதோ ஒன்று. இவர் ‘அம்மா’ என்று எழுதினால் அவர் கணினியில் கேள்விக்குறியும் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளும் வரும். இவற்றைத் திரட்டி ஒரே பக்கத்தில் போட்டால் யாருக்கு என்ன புரியும்? எல்லாரும் யூனிகோடுக்கு மாறிய பிறகுதான் இணைப்பு என்ற பேச்சுக்கே இடம் வந்தது. மாற வைத்தவை இலவசமாகக் கிடைத்த கருவிகள்: சுரதாவின் ‘பொங்கு தமிழ்’ மாற்றி, முகுந்தின் எ-கலப்பை, அதிராம்பட்டினம் உமர்தம்பியின் ‘தேனீ’ எழுத்துரு. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல். அதற்குள் நம் பதிவர்கள் முதல் சுற்றுச் சண்டைகளை முடித்துவிட்டார்கள்.

? நண்பர்களின் தளங்களைச் சேர்த்து ஒரு திரட்டி போட்டேன். அதில் ஒரு தளம் மட்டும் திடீரென்று காணவில்லை. நேரில் போனால் நன்றாகத் திறக்கிறது. என்ன கோளாறு?
– கல்லூரி மாணவி, ஸ்ரீரங்கம்

கடைசிப் பதிவின் தலைப்பைப் பாருங்கம்மா. ‘& சன்ஸ்’, ‘& கோ’ மாதிரி ஏதாவது இருக்கிறதா? உங்கள் கண்ணுக்குத் தெரியும் பக்கம் வேறு. திரட்டி படிப்பது அதே தளத்தின் ஆர்.எஸ்.எஸ். கோப்பு. அதில் தலைப்பு, சுட்டி, தேதி, சில வரிகள், அவ்வளவுதான். ஆனால் எக்ஸ்.எம்.எல். இலக்கணம் பிசகக்கூடாது. அந்த இலக்கணத்தில் ‘&’ என்ற குறிக்குத் தனி வேலை உண்டு. அதைச் சும்மா எழுதினால் கோப்பு மொத்தமும் செல்லாது. வலைப்பக்கத்தில் இந்தத் தப்பை பிரவுசர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கண்டிப்பான திரட்டியோ ஒரே ஒரு குறிக்காக முழுத் தளத்தையும் ஜாதிப்பிரஷ்டம் செய்துவிடும். ‘மற்றும்’ என்று மாற்றிப் பாருங்கள்.

இன்னொன்று. நண்பர் யாராவது டொமைனைப் புதுப்பிக்க மறந்து, அந்த முகவரியை வேறு எவரோ வாங்கி ரம்மி விளம்பரம் போட்டால், உங்கள் திரட்டி ரம்மியையும் விசுவாசமாகத் திரட்டும். மாதம் ஒருமுறை பட்டியலைக் களையெடுங்கள்.

? எதற்கு இந்தப் பாடு? எல்லாரும் ஒரே பெரிய தளத்தில் எழுதினால் இணைக்கவே வேண்டாமே!
– தில்லை நகர் மெயின் ரோடு கடைக்காரர்

உங்கள் ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராஸ்கள் எல்லாம் மெயின் ரோட்டில்தான் வந்து முட்டுகின்றன. அதற்காக ஆறாவது கிராஸ்காரரை வீட்டைப் பெயர்த்து மெயின் ரோட்டில் வைக்கச் சொன்னோமா? முகநூல் அப்படித்தான் கூப்பிட்டது. நாமும் கட்டில் பீரோவோடு போனோம். 2013 ஜூலையில் கூகுள் ரீடர் என்ற திரட்டியை மூடினார்கள். படித்துக்கொண்டிருந்தவர்கள் தவித்தார்கள், வாஸ்தவம். எழுதியவர்கள் தளத்தில் ஒரு வரிகூட அழியவில்லை. முகநூல் கணக்கு முடங்கியவர் யாராவது கடைக்கு வந்தால் விசாரித்துப் பாருங்கள். சாமான் வாங்க மறந்துவிட்டுப் பேசுவார்.

? விக்கிப்பீடியாவில் எங்கள் ஊர்க் கட்டுரைக்கு இந்தி, பிரெஞ்சு என்று மொழிகள் வரிசை கட்டி நிற்கின்றன. யார் உட்கார்ந்து கோத்தது?
– திருவரங்கம் வாசகர்

முதலில் மனிதர்கள், பிறகு அவர்கள் ஏவிய தானியங்கி நிரல்கள். பத்து மொழியில் கட்டுரை இருந்தால் ஒவ்வொன்றிலும் மற்ற ஒன்பதுக்குச் சுட்டி, ஆக 90. பதினோராவது மொழி வந்தால் பழைய பத்தையும் திருத்த வேண்டும். 2012-இல் விக்கித்தரவு வந்தது. 2013 மார்ச்சுக்குள் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் அதில் சேர்ந்தன. இப்போது ஒரு பொருளுக்கு ஒரு எண், பத்து மொழிக்குப் பத்தே சுட்டி. ஸ்ரீரங்கமா, திருவரங்கமா என்று நீங்கள் ராஜகோபுரத்தடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதாடலாம். எண் மாறாது.

? கேள்வி-பதில் என்றாலே எங்கள் ஊர் சுஜாதாதான். உங்களுக்கு எப்படி இந்தத் துணிச்சல்?
– அதே வாசகர்

அந்த நாற்காலி 2008-லிருந்து காலியாகத்தான் இருக்கிறது. நான் வாசலில் செருப்புக்குக் காவல்.

? இருபது வருடத்துக்கு முன் ஒரு வலைப்பதிவு வைத்திருந்தேன். தளமே மூடிப்போயிற்று. எழுதியதெல்லாம் போனது போனதுதானா?
– கே.கே. நகர் வாசகர்

இன்டர்நெட் ஆர்க்கைவின் ‘வேபேக் மெஷினில்’ பழைய முகவரியைப் போட்டுப் பாருங்கள். எல்லாப் பக்கமும் இருக்கும் என்று சொல்லமுடியாது. என் அனுபவத்தில், நாம் தேடும் கட்டுரை இருக்காது. அப்போது எழுதிய காதல் கவிதை மட்டும் பத்திரமாக இருக்கும். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் தேடுங்கள்.