வாடகை மோட்டார்ஹோமும் காஞ்சிரங்குளத்துக் குடும்பமும்

மோட்டார்ஹோம் என்பது படுக்கை, அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓடும் வண்டி. தமிழ் வாசகருக்கு இது கேரவன் என்ற பெயரில் பழக்கம்: நாயகன் உள்ளே ஓய்வெடுக்க, தயாரிப்பாளர் வெளியே வெயிலில் நின்று கணக்குப் பார்க்கும் வண்டி. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் முதலிய நாடுகளில் அதையே சாதாரணக் குடும்பங்கள் நாள் வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிச் செல்கின்றன. ஓட்டுநர், கிளீனர், சமையற்காரர், கழிவறை சுத்தம் செய்பவர் ஆகிய பதவிகள் எல்லாம் குடும்பத்துக்குள்ளேயே நிரப்பப்படும். யாருக்கும் சம்பளம் இல்லை. வாடகை மட்டும் உண்டு.

பூவாற்றுக்கு அருகே, நெய்யாற்றின்கரை தாலுகாவில் உள்ள காஞ்சிரங்குளம் போன்ற ஊர்களிலிருந்து இப்பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோர். மகள் நியூசிலாந்தில் நர்ஸாக இருப்பாள். மருமகன் லீவு போட்டிருப்பார். பேரப்பிள்ளைகள் வண்டியின் படத்தை முன்பே காட்டியிருப்பார்கள். இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு எல்லை தாண்டுவது பெரிய காரியமல்ல. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. அன்றிலிருந்து இங்குள்ள தமிழ்க் குடும்பத்துக்கு அத்தை தமிழ்நாட்டிலும் அடுக்களை கேரளத்திலும் இருப்பது இயல்பு. எல்லையை அவர்கள் ஒரு விலைப்பட்டியலாகவே அறிவார்கள்: கேரளத்துப் பாறசாலையில் டீசல் ஒரு விலை, தமிழ்நாட்டுக் களியக்காவிளையில் சில ரூபாய் குறைந்த இன்னொரு விலை. விலையை ஒப்பிடாமல் இவர்களால் எந்த வண்டியிலும் ஏற முடியாது. இது பின்னால் தேவைப்படும் செய்தி.

வழியில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டே போவதும் இவ்வூருக்குப் புதிதல்ல. வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வேன் பிடிக்கிறவர்கள் கூரையில் அண்டாவும் சீட்டுக்கடியில் அரிசியும் ஏற்றி, ஏதாவதொரு புளியமரத்தடியில் இறங்கிக் குழம்பு வைத்துவிட்டுத்தான் மேலே போவார்கள். இதற்கு மாறாக, உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் வீட்டுவண்டி என்று பிரிட்டிஷார் சொல்வது 1885-இல் வந்தது. கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவர் ‘வாண்டரர்’ என்ற அந்தக் குதிரைவண்டியில் ஊர் சுற்றினார். அவருடைய பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே போய், எதிரே வருவோரை எச்சரித்தார். அந்த உத்தியோகம் இன்று முன்சீட்டில் உட்காரும் பாட்டாவிடம், அதாவது தாத்தாவிடம், வந்து சேர்ந்திருக்கிறது.

ஸ்டேபிள்ஸ் இப்படிச் சுற்றிய காலத்தில், காஞ்சிரங்குளத்துக்குப் பக்கத்திலுள்ள வெங்ஙானூரில் வண்டியேறுவது வேறு வகைக் காரியமாக இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் பொதுச்சாலையில் நடக்கவே தடை இருந்த திருவிதாங்கூரில், 1893-இல் அவர்களில் ஒருவரான அய்யங்காளி வில்வண்டியில் காளை பூட்டிச் சாலை வழியே போனார். தடுக்க வந்தவர்களை எதிர்கொண்டுதான் போனார். இந்த வட்டாரத்தின் சாலைப் பயணங்களில் முதலில் சொல்ல வேண்டியது அதுதான். மோட்டார்ஹோம்காரர்களின் சங்கடங்கள் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும்.

உள்ளூரிலேயே இப்படிச் சுற்ற வசதி இல்லையா என்று கேட்கலாம். கெட்டுவள்ளம் என்ற படகை ஹவுஸ்போட்டாக மாற்றிக் கண்ட வெற்றிக்குப் பிறகு, கேரளச் சுற்றுலாத் துறை 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையையும் அறிவித்தது. வாகமணில் கேரவன் பூங்காவும் வந்தது. ஆனால் காஞ்சிரங்குளம் சந்தை வழியாக ஏழு மீட்டர் வண்டியைக் கொண்டுபோய்த் திருப்பி வருவதற்குள் விடுமுறை முடிந்துவிடும்.

ஆகவே நியூசிலாந்துக்கே போனால், ஓட்டுநர் உரிமத்தில் சிக்கல் குறைவு. அதுவே சிக்கலுக்குக் காரணம். அங்கே சாதாரணக் கார் உரிமத்திலேயே 6,000 கிலோ வரையுள்ள வண்டியை ஓட்டலாம். இந்திய உரிமத்தோடு கூடுதலாகப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும், ஓராண்டு செல்லும். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்று தெரிந்த கணத்தில், பாறசாலையில் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸுக்கு வழிவிட்டுப் பழகிய எவருக்கும் உலகில் ஓட்ட முடியாத சாலை இல்லை என்ற தைரியம் வந்துவிடுகிறது. இதுவரை ஓட்டிய பெரிய வண்டி மாருதி ஆல்ட்டோ என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

பயணத்தின் முதல் பரீட்சை விமான நிலையத்தில். நியூசிலாந்து தன் காடு கழனிகளை நோயிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காப்பதில் மிகக் கண்டிப்பான நாடு. உணவு, விதை, இலை எதைக் கொண்டுவந்தாலும் படிவத்தில் எழுத வேண்டும். எழுதாமல் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். பெட்டியில் சக்கை வற்றல் உண்டு, குடம்புளி உண்டு, நெத்திலிக் கருவாடு உண்டு, பிள்ளைகளின் இருமலுக்கென்று மார்த்தாண்டத்துத் தேனும் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற தேன் என்று விளக்கிப் பயனில்லை. தேனீக்களின் நோய்க்கு அஞ்சி எந்த ஊர்த் தேனையும் உள்ளே விடுவதில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் அங்கேயே நின்றுவிடும். அதிகாரி தேனைக் குப்பைக்கூடையில் போடுவதைப் பார்க்கும் பாட்டியின் முகம், பிறகு எந்தப் பனிமலையைப் பார்த்தும் முழுதாகத் தெளிவதில்லை.

தென் தீவிலுள்ள கிறைஸ்ட்சர்ச்சில் வண்டியை ஒப்படைக்கும் ஊழியர் அரைமணி நேரம் பாடம் நடத்துவார். காஸ் சிலிண்டர் எங்கே, நல்ல தண்ணீர் எங்கே ஊற்றுவது, அழுக்குத் தண்ணீரை எங்கே திறந்துவிடுவது, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று வரிசையாக. மருமகன் தலையாட்டுவார். பிள்ளைகள் ஏற்கெனவே ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள படுக்கையில் ஏறியிருப்பார்கள். மகள் பாத்திரங்களை எண்ணி, சிறியதாக இரண்டே இரண்டு என்று முகம் சுளிப்பாள். பாட்டா மட்டும் கவனமாகக் கேட்பார். அவருக்கு அந்த உச்சரிப்பு புரியாது.

சாலையில் இறங்கியதும் முதலில் தெரிவது உயரம். வண்டி மூன்று மீட்டருக்கு மேல் நிற்பதால், கடைவாசலில் நீட்டிய கூரையும் தாழ்ந்த மரக்கிளையும் திடீரென்று முக்கியத்துவம் பெறுகின்றன. 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்கு வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஓரம் கட்டி வழிவிட வேண்டும். வழிவிட்ட பிறகு போகிறவர் கையசைத்து நன்றி சொல்வார். கை காட்டினால் சண்டைக்கு அழைக்கிறார் என்று பொருள் கொள்ளும் ஊரிலிருந்து வந்தவருக்கு இது பழக நாளாகும். ஒற்றைவழிப் பாலங்கள் இன்னும் கடினம். பலகையில் இரண்டு அம்புக்குறி இருக்கும். தன் திசைக்குச் சிறிய சிவப்பு அம்பு என்றால் நின்று எதிரே வருபவரை விட வேண்டும். ஹாரன் அடித்து உரிமையை நிலைநாட்டும் வழக்கம் அங்கே இல்லை. எதிர்ப்பக்கத்தில் யாருமே இல்லாதபோதும், மரியாதை கருதி ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகும் நிலைக்கு நம்மவர்கள் விரைவில் வந்துவிடுகிறார்கள்.

டீசல் பங்க்கில்தான் எல்லைப்புறத்துக் கணக்கு விழித்துக்கொள்கிறது. பெட்ரோலைவிட டீசல் விலை வெகுவாகக் குறைந்திருப்பதைப் பார்த்த பாட்டா, களியக்காவிளையைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் தொட்டி நிரம்ப நிரப்பச் சொல்வார். காரணம் வேறு. நியூசிலாந்தில் பெட்ரோல் விலைக்குள்ளேயே சாலை வரி அடக்கம், டீசலில் அடங்கவில்லை. டீசல் வண்டிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சாலைக் கட்டணம் தனி. வாடகைக்கு எடுத்தவரிடம் அதை வண்டி திரும்பும்போது மீட்டர் பார்த்து வாங்கிக்கொள்வார்கள். இந்த உண்மை மருமகனுக்கு முதல் நாளே தெரியும். ஒரு நல்ல மருமகன் அதைக் கடைசி நாள் வரை மாமனாரிடம் சொல்லாமல் காப்பார்.

தண்ணீர் தனி அத்தியாயம். தொட்டியில் ஏறக்குறைய நூறு லிட்டர் கொள்ளும். நெய்யாற்றின் கரையில் வளர்ந்தவர்களுக்கு அது ஒருவர் காலையில் பல் தேய்க்கும் அளவு. ஆறு பேர் குளித்து, பாத்திரம் கழுவி, அரிசி களைந்தால் மாலைக்குள் மோட்டார் காற்றைத்தான் இறைக்கும். கழிவறைக்குக் கீழே கேசட் எனப்படும் ஒரு பெட்டி இருக்கிறது. இருபது லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கொள்ளும். நீல நிற ரசாயனத்தை ஊற்றி வைத்து, நிரம்பியதும் சக்கரத்தில் இழுத்துச் சென்று அதற்கென்று உள்ள கொட்டுமிடத்தில் கவிழ்க்க வேண்டும். முகாம் மைதானத்துக்குப் பணம் கட்டாமல் பொது இடத்தில் இரவு தங்குவதற்கு 2011-இலேயே சட்டம் வந்தது. 2023-இல் வந்த இன்னொரு சட்டம், கழிவறையும் வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. ஆக, இலவசமாகத் தூங்கும் உரிமை கேசட்டைக் கொட்டும் கடமையோடு சட்டப்படி பிணைந்திருக்கிறது. அக்கடமை யாருக்கு என்பதைச் சட்டம் சொல்லவில்லை. மருமகன் வண்டி ஓட்டுகிறார், பாட்டாவுக்கு முட்டுவலி, மகள் சமைக்கிறாள். விடுமுறைக்கு ஆக்லாந்திலிருந்து வந்து சேர்ந்துகொண்ட, இன்னும் கல்யாணமாகாத அவள் கொழுந்தனிடம் எல்லாரும் திடீரென்று அன்பாகப் பேசத் தொடங்குகிறார்கள்.

சமையலில் இரண்டு விதிகள். ஒன்று, வண்டி ஓடும்போது அனைவரும் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். பாட்டி எழுந்துபோய் மரச்சீனி வெந்துவிட்டதா என்று பார்க்க முடியாது. இரண்டாவது விதியைப் புகை எச்சரிக்கைக் கருவி கற்றுத் தரும். அது வற்றல் மிளகாய் தாளிப்பதைத் தீ விபத்தாகவே கருதும். டெகாபோ ஏரிக்கரையில், நட்சத்திரம் தெளிவாகத் தெரிவதற்காகவே விளக்குகளை அடக்கி வைத்திருக்கும் அந்த அமைதியான ஊரில், கடுகு வெடித்த மறுகணம் கருவி அலறும். பக்கத்து வண்டியின் ஜெர்மானியத் தம்பதி செருப்பில்லாமல் வெளியே ஓடி வருவார்கள். மன்னிப்பாக ஒரு கிண்ணம் மீன்குழம்பு அனுப்பப்படும். பிறகு அவர்கள் வண்டியை நூறு அடி தள்ளி நிறுத்திக்கொள்வது குழம்பினாலா, சத்தத்தினாலா என்பது குறித்து உள்ளே இரவு முழுக்க விவாதம் நடக்கும். தகடு போன்ற தடுப்புக்கு அப்பால் எல்லாம் கேட்பதால், அந்த விவாதத்தில் கலந்துகொள்ளாமல் தூங்க யாருக்கும் வாய்ப்பில்லை.

தெற்கே போகிறவர்களின் இலக்கு, மலைகளுக்கிடையே கடல் புகுந்த மில்ஃபோர்டு சவுண்ட். அங்கே ஆண்டுக்கு ஆறு மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது: வண்டியைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தினாலும் அநேகமாக முழுகும் அளவு. இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையைப் பற்றிப் பெருமை பேச வந்தவர்கள் பேசாமல் குடையை மடக்கிக்கொள்கிறார்கள். வழியில் 1954-இல் திறந்த ஹோமர் சுரங்கப்பாதை 1.2 கிலோமீட்டர் நீளம். சிக்னலுக்காகக் காத்திருக்கும் வண்டிகளைத் தேடி கேயா என்ற மலைக்கிளிகள் வரும். கிளி என்றால் நெல் கொத்தும், சீட்டு எடுத்துத் தரும் என்று நினைப்பது நம் வழக்கம். கேயா வைப்பரின் ரப்பரை எடுத்துத் தரும். ஜன்னல் ஓர ரப்பரும் அதற்குப் பிடித்தம். பிள்ளைகள் படமெடுத்துக்கொண்டிருக்கும்போதே அது கூரை மேலேறி, ஆன்டெனாவின் உறுதியைச் சோதித்துப் பார்க்கும். பாதுகாக்கப்பட்ட பறவையாதலால் பாட்டா கம்பெடுக்க முடியாது. தண்ணீர்ப் பக்கம் இறங்கினால் சேண்ட்ஃப்ளை என்ற சிறு பூச்சி கடிக்கும். கடித்த இடம் ஊருக்குத் திரும்பிய பிறகும் அரிக்கும்.

வட தீவுக்கும் போக நினைத்தால் பிக்டனிலிருந்து வெலிங்டனுக்கு வண்டியோடு கப்பலேற வேண்டும். சுமார் மூன்றரை மணி நேரம். ஏறுமுன் காஸ் சிலிண்டரை மூடியாக வேண்டும். பயணம் முடியும்வரை வண்டிக்குள் யாரும் இருக்கக் கூடாது. பல நாளுக்குப் பிறகு குடும்பத்தார் ஒருவருக்கொருவர் பத்தடி தள்ளி உட்காரக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு இது. அதனாலேயே பலரும் பயணத்தின் இன்பமான பகுதியாகக் கப்பலைச் சொல்கிறார்கள்.

வண்டியைத் திருப்பித் தரும் நாளில் டீசல் நிரப்பி, அழுக்குத் தொட்டியையும் கேசட்டையும் காலி செய்து, உள்ளே பெருக்கியிருக்க வேண்டும்; தவறினால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். குழம்பு வாசனை போக, ஜன்னலைத் திறந்துபோட்டு எலுமிச்சையைத் தேய்ப்பார்கள். ஊழியர் மூக்கை உறிஞ்சிப் பார்த்து ஏதோ எழுதிக்கொள்வார். மீட்டரைக் குறித்துக்கொண்டு சாலைக் கட்டணத்தைச் சொல்லும்போது மருமகன் பாட்டாவைக் காப்பி வாங்க அனுப்பியிருப்பது வழக்கம். கூரைச் சேதமும் அடிப்பாகச் சேதமும் பல ஒப்பந்தங்களில் காப்பீட்டுக்குள் வராது என்பதால் ஏணி வைத்து மேலேயும் பார்ப்பார்கள். கிளி தின்ற ரப்பருக்குப் படிவத்தில் தனி இடம் இல்லை. ‘இதர சேதங்கள்’ என்ற கட்டத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வண்டி எடுக்கும்போது கட்டிய முன்பணத்தில் பிடித்தம் போக மீதி, சில நாளில் மகளின் கார்டுக்குத் திரும்பும்.